அயன் பொக்ஸால் ஓடிய விண்கலம்

போன மாதம் ஒரு மழை ஞாயிறு. டோட்முண்டில் எங்கள் வீட்டு சோபாவில் மூன்று தலைமுறை: என் தகப்பனார், நான், பத்து வயது மகள். தகப்பனார் இப்போது வீட்டில் எல்லாருக்கும் அப்பப்பாதான். நான் பழைய டிவிடி ஒன்றைப் போட்டேன். 1966இல் ஏ.ஆர்.டி. தொலைக்காட்சியில் வந்த 'ரவும்பட்ருல்ய ஓரியோன்'. கறுப்பு வெள்ளை, மொத்தமே ஏழு பகுதிகள்.

கொஞ்ச நேரத்தில் மகள் எழும்பி ரிவிக்குக் கிட்டப் போனாள்.

"அப்பா, அது அயன் பொக்ஸ்!"

உண்மைதான். விண்கலத்தின் கட்டுப்பாட்டு மேசையில் துணி அயன் பண்ணும் பெட்டியின் கைப்பிடி. காசு குறைவு என்பதால் வீட்டுச் சாமான்களை வைத்தே அரங்கத்தை ஒப்பேற்றியிருக்கிறார்கள். இந்தத் தொடரைப் பற்றிக் கதைத்தால் ஜேர்மன்காரர் இன்றைக்கும் முதலில் சொல்வது அந்த அயன் பொக்ஸைத்தான்.

"லாஜிக்கே இல்லை" என்றாள் மகள்.

அப்பப்பா விடவில்லை. "அவங்கட முகத்தைப் பார் பிள்ளை. ஒருத்தரும் சிரிக்கேல்லை. அவங்கள் நம்பினால் நானும் நம்புவன்."

இந்த இரண்டு வசனத்துக்குள்ளே விஞ்ஞானக் கதை ரசிகர்களின் முழுச் சண்டையும் இருக்கிறது. ஒன்று, இது நடக்கக்கூடியதா? மற்றது, இதை எந்தத் தொனியில் சொல்கிறார்கள்?

முதல் கேள்விக்கு எங்கள் காலத்து உதாரணம் 'டார்க்'. 2017 டிசம்பரில் வந்தது, நெட்ஃபிளிக்ஸ் தயாரித்த முதல் ஜேர்மன் மொழித் தொடர். வின்டன் என்ற கற்பனை ஊர், ஒரு அணு உலை, ஒரு குகை, 33 ஆண்டுச் சுழற்சி. வேலையிடத்தில் சாப்பாட்டு மேசையில் நாங்கள் பேப்பரில் குடும்ப மரம் கீறிச் சண்டை பிடித்தோம். "எப்ப பார்த்தாலும் மழை, ஒருத்தரும் சிரிக்கிறேல்லை" என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் "குகைக்குள்ளால் காலம் கடக்க ஏலாது" என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டதெல்லாம், "முதல் சீசனில் சொன்ன விதியை மூன்றாவது சீசனில் மீறினார்களா?" என்பதுதான்.

நான் மென்பொருள் எழுதுகிறவன், அதனால் எனக்கு இது நன்றாக விளங்கும். விசித்திரமான விதியோடும் ஒரு புரோகிராம் ஓடும். ஒன்றோடொன்று முரண்படும் விதிகள் இருந்தால்தான் அது விழும். பிள்ளை "லாஜிக் இல்லை" என்று சொல்லும்போது அநேகமாக அதைத்தான் பிடித்திருக்கிறது. "அது சும்மா கதை, பேசாமல் பார்" என்று நாங்கள் வாயடைப்பது நியாயமில்லை.

தொனிக்கு உதாரணம் இன்னும் பழையது. ஓரியோனுக்கு ஒன்பது நாள் முந்தி, அதே 1966 செப்டம்பரில், அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்' தொடங்கியது. ஜேர்மனியில் அதை 1972இல் இசட்.டி.எஃப். காட்டியது. பிள்ளைகளும் பார்க்கும் மாலை நேரம் என்பதாலோ என்னவோ, டொச் வசனத்தில் மூலத்தில் இல்லாத பகிடிகளைச் சேர்த்தார்கள். ஸ்போக்கின் இனத்தவருக்கு ஏழு ஆண்டுக்கு ஒருக்கால் வரும் இணைசேரும் வேட்கை பற்றிய பகுதி, வெறும் 'விண்வெளிக் காய்ச்சல்' ஆகிவிட்டது. நாசி ஆட்சியைப் பிரதி செய்த ஒரு கோள் பற்றிய பகுதியைப் போடவே இல்லை. அது இலவசத் தொலைக்காட்சிக்கு வந்தது 2011இல். அந்தப் பகிடிகளோடு வளர்ந்தவர்களுக்கு அதுதான் ஸ்டார் ட்ரெக். மூலத்தைப் பிறகு பார்த்தவர்களுக்கோ, தங்களிடமிருந்து எதையோ ஒளித்துவிட்டார்கள் என்ற கோபம்.

இதை நான் விளக்கிக்கொண்டிருக்க, மகள் அப்பப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பப்பா, உங்கட பேர்லின் கதையிலையும் லாஜிக் இல்லை. சுவர் இருந்ததெண்டு பள்ளிக்கூடத்தில சொன்னவை. சுவர் இருந்தால் நீங்கள் எப்பிடி ரெயின்ல வந்தனீங்கள்?"

அந்தக் கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். 1985 தை மாதம், மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லின். மெல்லிய சட்டை, பனி, பொக்கற்றில் விலாசம் எழுதின துண்டு. ஒவ்வொரு முறையும் பகிடியாகத்தான் சொல்லுவார். நாங்களும் ஒவ்வொரு முறையும் சிரிப்போம்.

இந்த முறை அவர் விதியைச் சொன்னார். கிழக்கு ஜேர்மனி பயணிகளுக்கு வழிப்பயண விசா கொடுத்தது. ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்தால் மேற்குக்கு ரெயின் எடுக்கலாம். மேற்குப் பக்கம் கடவுச்சீட்டுப் பார்க்க ஆளில்லை. பார்த்தால் அதை நாட்டு எல்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அப்படித்தான் கனபேர் வந்தார்கள். அதே ஆண்டு நடுப்பகுதியில் எங்கட ஆக்களுக்கு அந்த வழியை இறுக்கிவிட்டார்கள்.

மகள் யோசித்தாள். "ஓகே. அப்ப லாஜிக் இருக்கு." பிறகு கேட்டாள்: "பயமா இருக்கேல்லையா?"

நான் அவரிடம் ஒருநாளும் கேட்காத கேள்வி அது. முப்பது வருசமாக அந்தக் கதையைக் கேட்கிறேன், ஒழுங்காகச் சிரித்திருக்கிறேன்.

"இருந்தது" என்றார் அப்பப்பா. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ரெயினுக்குள் தன்னோடு வந்த சிநேகிதனைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெயரை நான் முதல்முறையாகக் கேட்டேன். அந்தப் பெடியன் வழி முழுக்க அவர் கையை விடவில்லையாம்.

எங்கள் தகப்பன் தாய்மாரில் கனபேர் தங்கள் வாழ்க்கையை எங்களுக்காக மென்மையாக டப்பிங் செய்தவர்கள்தான். பயத்தைக் காய்ச்சல் ஆக்கினார்கள், சில பகுதிகளைப் போடவே இல்லை. அன்றைக்கு எங்களுக்கு அது தேவையாக இருந்தது, குறை சொல்லமாட்டேன். இப்போது பிள்ளைகள் வளர்ந்து, தாங்களாகவே லாஜிக் கேட்கிறார்கள். கேட்டால் பதில் சொல்ல ஆள் இன்னும் பக்கத்தில் இருக்கிறார். ஒரு பழைய தொடரைப் போட்டு, இரண்டு பேரையும் ஒரே சோபாவில் இருத்திப் பாருங்கள்.

ஓரியோனில் இன்னும் ஐந்து பகுதிகள் மிச்சம் இருக்கின்றன. வாற ஞாயிறு அப்பப்பாவே டிவிடி போடுவாராம்.