தில்லை: ஒரு நச்சு மரமும் அதன் கரையும்

தொட்டாற் கொப்புளம் உண்டாக்கும் தாவரம் என்றவுடன் ஆங்கிலக் கல்வி பெற்றோர் வட அமெரிக்காவின் 'பொய்சன் ஐவி'க் கொடியை நினைப்பர். மாவும் மரமுந்திரிகையும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது அது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கரைகளில் நாம் சுட்டவேண்டியது தில்லையையே. இது ஆமணக்கின் குடும்பத்தது.

கொட்டியாரக் குடா, தம்பலகாமக் குடா ஆகியவற்றின் கண்டற் காடுகளில் இதனைக் காணலாம். பெரும்பாலும் கரைப்பக்க ஓரமே இதன் இடம். முட்டு வேர்களோ, நிமிர்ந்தெழும் மூச்சு வேர்களோ இதற்கில்லை; வேர்கள் சேற்றின் மேற்பரப்பிற் பாம்புகள் போற் பின்னிக் கிடக்கும். ஆண் மரமும் பெண் மரமும் வேறு வேறு. உதிருமுன் இலைகள் செந்நிறமடையும்.

இதன் வெண்பால் தோலிற் பட்டாற் புண்ணாக்கும். கண்ணிற் பட்டாற் பார்வையைத் தற்காலிகமாக மறைக்கும். ஐவிக் கொடியின் யூருஷியோல் ஒவ்வாமை வழியாகத் துன்புறுத்துவது. தில்லைப் பாலோ நேராகவே எரிப்பது. குருடாக்குதல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே இதன் அறிவியற் பேரினப் பெயர் பிறந்தது.

இந்நஞ்சு எல்லோரையும் ஒருபடித்தாகத் தீண்டுவதில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. விறகு வெட்டுவோனும், சேற்றில் இறங்கி நண்டும் இறாலும் பிடிப்போனுமே இதற்கு இலக்காவர். நெய்தற்கலி தில்லையை முண்டகத்தோடு சேர்த்துக் கானலின் மரமாகக் காட்டுகிறது. பிற்காலத்தில் அது சிதம்பரத்தின் பெயராகவும் தலமரமாகவும் உயர்ந்தது. தில்லையின் பெருமை பேசியோர் அதனை வெட்டியவனின் கண்ணைப் பற்றிப் பேசினரா என்பது வேறு வினா.

மகாவலி கொட்டியாரக் குடாவிற் கொண்டுசேர்க்கும் வண்டலைப் பற்றிநிற்பனவற்றுள் இவ்வேர்களும் அடங்கும். உதிரும் இலை மட்கி நண்டுக்கும் இறாலுக்கும் உணவாகிறது. மணமுள்ள பூங்கதிர்களைத் தேனீக்கள் நாடுகின்றன. ஆகவே மீனவரின் பிழைப்பு இம்மரத்தோடு பிணைந்ததாகும். ஆயினும் 'நச்சுப் பற்றை', 'பயனற்ற சதுப்பு' என்ற பெயர்கள் நிலத்தை விழுங்க விரும்புவோருக்கு என்றும் வசதியானவை. 1980களிலிருந்து புத்தளத்தில் இறாற் பண்ணைகளுக்காகக் கண்டற் காடுகள் அழிக்கப்பட்டபோது ஏற்றுமதி வருவாய் சென்ற கைகள் வேறு, களப்பை இழந்த கைகள் வேறு.

விறகுக்காக வெட்டிய தில்லையின் அடிமரம் மீண்டும் துளிர்க்கும். சேற்றை மூடி மண் நிரப்பிய இடத்தில் அது துளிர்ப்பதில்லை.