பெரியப்பா எழுந்த பந்தி

“அப்பா மொட்டைமாடியில் பொழுதுபோக்காக வளர்த்த பன்னிரண்டு தொட்டிகள், இன்று வீட்டில் நாலு பேரும் சேர்ந்து பார்க்கும் போன்சாய் நர்சரி. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: குட்டையாகவே இருக்க என்ன மருந்து வைக்கிறீர்கள்?” ஒரு வாசகியின் கடிதம் இது.

மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. தொட்டி ஆலும் சாலையோர ஆலும் ஒரே இனம். தரையில் நட்டால் அதுவும் ஓங்கி வளர்ந்து விழுது விடும். ‘அதிர்ஷ்ட மரம்’ என்பதெல்லாம் விற்பவருக்கு மட்டும் பலிக்கிற அதிர்ஷ்டம். எலுமிச்சை போன்சாயைப் பாருங்கள்: இலை சிறுக்கும், பழம் சிறுக்காது. முழங்கால் உயரத்து மரத்தில் முழு எலுமிச்சை தொங்கும்.

வேலை செய்வது நகம். ஆலங்கொழுந்தைக் கிள்ளினால் பால் சொட்டும். கொஞ்ச நாளில் கீழ்க்கணுக்களில் உறங்கிய மொட்டுகள் விழிக்கும். நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோன்தான் அவற்றை அடக்கி வைத்திருந்தது என்று படித்தோம். ஆனால் கணக்கு உதைக்கிறது. ஆக்சின் மணிக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் நகரும். பட்டாணிச் செடியின் நுனியை வெட்டினால், ஆக்சின் குறைந்த சேதி வந்து சேருமுன்பே கீழ்மொட்டு அசையத் தொடங்கிவிடுகிறது. முந்திக்கொண்டு வருவது சர்க்கரை என்று 2014இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு காட்டியது.

நுனியைக் கல்யாணப் பந்தியின் முதல் இலையில் உட்கார்ந்த பெரியப்பா என்று வையுங்கள். சர்க்கரைதான் பாயச வாளி; அது அவரைத் தாண்டுவதில்லை. அவர் எழுந்தால், எழுந்த சேதி கடைசி வரிசைக்குப் போகுமுன் வாளி போய்விடும். ஆனால் பொடிசுகள் தொடர்ந்து தெம்பாகச் சாப்பிட, அவர் திரும்பி வரமாட்டார் என்ற உறுதியும் வேண்டும். அந்த உறுதி, ஆக்சின் குறைவது. இப்போது ஒரே வாளி முப்பது இலைக்குப் பங்கு, யாரும் பெருப்பதில்லை. அப்பளம் எந்த ஹார்மோன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

வரலாறும் வேண்டுமாம். சீனாவில் பிறந்து ஜப்பானில் மெருகேறிய கலை. 1923 நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவின் நர்சரிக்காரர்கள் ஓமியா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். 1925இல் அங்கே போன்சாய் கிராமம் உருவானது. போதும்.

தொட்டியில் இருப்பது இரண்டு கைப்பிடி மண். சித்திரை வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைவரை தாங்காது. வீட்டில் எப்போதும் ஒருவர் இருந்தாக வேண்டும்; இது குடும்பத் தொழிலாகவே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். 2019 தொடக்கத்தில் ஜப்பானின் சைத்தாமாவில் ஒரு குடும்பத்தின் தோட்டத்திலிருந்து ஏழு மரங்கள் களவு போயின. அவற்றில் ஒன்று 400 வயது ஜூனிப்பர். வீட்டுக்காரர்கள் திருடனுக்கு விடுத்த வேண்டுகோள்: மறக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள்.