கோழி அத்தோ செய்யலாம் வாங்க! கால் கிலோ கறி, ஆறு பேருக்கும் சமம்!



முதலில் ஒரு கேள்வி. உங்க வீட்டுல கோழி அடிச்சா தொடைக்கறி யாருக்கு? அப்பாவுக்கும் அண்ணனுக்கும். ஈரல் யாருக்கு? தம்பிக்கு. நமக்கும் அம்மாவுக்கும்? கழுத்து, எலும்பு, குழம்பு! இதுக்காக சண்டை போட வேண்டாம். சமையலிலேயே ஒரு வழி இருக்கு. அதைத்தான் எழுதுகிறேன்.

அத்தோ என்றால் என்ன?

எங்க சித்தப்பா சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனப்ப, பர்மா பஜார் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிட்டாராம். நூடுல்ஸ், பச்சை முட்டைக்கோஸ், பொரிச்ச வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைஞ்சு தருவாங்களாம்.

இந்தப் பெயர் பர்மிய மொழியிலிருந்து வந்தது. பிசைந்து கலந்த உணவு என்று பொருள். பர்மாவில் தமிழர்கள் ஏராளமானோர் வாழ்ந்தார்கள். 1962-இல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது. 1964-இல் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. பிழைப்பு போனதால் பலரும் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பணம் காசு கொண்டுவர முடியவில்லை. கைப்பக்குவம் மட்டும் கூடவே வந்தது!

பர்மாவில் நூடுல்சுக்குப் பதில் கோழிக்கறி போட்டும் பிசைவார்கள். சாலட் என்று சொல்வது இந்த வகையைத்தான். பிசையும் சாற்றுக்கு டிரெஸ்ஸிங் என்று பெயர். டிரெஸ் என்றதும் பாவாடை தாவணியை நினைக்காதீங்க! அதைக் கடையில் வாங்க வேண்டாம். புளியும் தேனும் நம்ம மலையிலேயே கிடைக்குது.

தேவையான பொருட்கள் (6 பேருக்கு)

கோழிக்கறி கால் கிலோ, ஈரல் 2, முட்டைக்கோஸ் கால் கிலோ, கேரட் 1, பெரிய வெங்காயம் 2, கொத்தமல்லி ஒரு பிடி.

டிரெஸ்ஸிங்குக்கு: நெல்லிக்காய் அளவு புளி, எலுமிச்சம்பழம் 1, தேன் 1 ஸ்பூன், பூண்டு 10 பல், கடலை எண்ணெய் 3 ஸ்பூன், பொட்டுக்கடலை மாவு 2 ஸ்பூன், காய்ந்த மிளகாய் 3, உப்பு.

செய்முறை

1. முதலில் காய்களைக் கழுவி, மெல்லிசா நறுக்கி மூடி வையுங்க. அதுக்கப்புறம்தான் கறியைத் தொடணும். பச்சைக் கறியில் இருக்கும் கிருமி அருவாமனையில் ஒட்டிக்கும். காயை நாம வேக வைக்கப் போறதில்லை, அதனால் கிருமி சாகாது. கறி வெட்டியதும் அருவாமனையையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்க.

2. கறியை மஞ்சள்தூள், உப்பு போட்டு நல்லா வேக வையுங்க. நாட்டுக்கோழின்னா நேரம் கூட ஆகும். கடைசி 15 நிமிடம் ஈரலையும் போடுங்க. உள்ளே சிவப்பு தெரியக் கூடாது. ஆறியதும் எலும்பை எடுத்துட்டுக் கறியை நார் நாரா பிய்க்கணும். ஈரலைப் பொடியா உதிர்க்கணும். வெந்த தண்ணியைக் கொட்டாதீங்க, ரசம் வைக்கலாம்.

3. பூண்டைச் சன்னமா நறுக்கி, சின்னத் தீயில் எண்ணெயில் பொன்னிறமா பொரிக்கணும். கருகினா கசக்கும். அந்த எண்ணெய்தான் வாசனையே!

4. புளியைக் கெட்டியா கரைச்சு, தேன், வறுத்து இடிச்ச மிளகாய், பூண்டு எண்ணெய் சேருங்க. எண்ணெயும் தண்ணியும் தனித்தனியா நிக்கும். பொட்டுக்கடலை மாவைத் தூவிக் கலக்கினா, மாவு தண்ணியை உறிஞ்சிக் கெட்டியாகி எண்ணெயையும் பிடிச்சுக்கும். காயிலும் நல்லா ஒட்டும்.

5. சாப்பிடும் நேரத்தில் எல்லாத்தையும் சேர்த்துப் பிசைஞ்சு, எலுமிச்சை பிழிஞ்சு, கடைசியா உப்பு போடுங்க. முன்னாடியே உப்பு போட்டா முட்டைக்கோஸ் தண்ணி விட்டு வதங்கிடும். நான் முதல் தடவை அப்படித்தான் செஞ்சேன். அத்தோ குழம்பாயிடுச்சு! பிசைஞ்சதை உடனே சாப்பிட்டுடணும், ராத்திரிக்கு எடுத்து வைக்கக் கூடாது.

இதனால் என்ன நன்மை?

வாரம் ஒரு நாள் பள்ளியில் நீல நிற மாத்திரை தர்றாங்களே, அது இரும்புச்சத்து மாத்திரை. இரும்புச்சத்து குறைஞ்சா ரத்தசோகை வரும். மூச்சு வாங்கும், பிரேயரில் தலை சுத்தும், பாடம் மண்டையில் ஏறாது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. மாதவிடாயில் ரத்தம் போவதால் நம்ம வயசுப் பெண்களுக்கு ஆண்பிள்ளைகளை விட இரும்புச்சத்து அதிகம் தேவை. ஆனால் ஈரல் மட்டும் நம்ம தட்டுக்கு வர்றதில்லை!

கோழியில் இரும்புச்சத்து அதிகம் இருப்பது ஈரலில்தான். எலுமிச்சையிலும் பச்சை முட்டைக்கோசிலும் உள்ள வைட்டமின் சி, காய், தானியத்தில் இருக்கும் இரும்பை உடம்பு உறிஞ்ச உதவும். வேக வைத்தால் வைட்டமின் சி நிறைய வீணாகும். அதனால்தான் பச்சையா சேர்க்கிறோம். சாப்பிட்டதும் டீ குடிக்காதீங்க, டீ அந்த இரும்பை உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. அத்தோ சாப்பிட்டாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. ரெண்டும் வேணும்.

போன ஞாயிற்றுக்கிழமை இதைச் செஞ்சேன். சாமைச் சோறு கூடவே. "தொடை எங்கடி?" என்று அண்ணன் தேடினான். நாரா பிச்சுக் கலந்த பிறகு தொடை எது, கழுத்து எது? ஒரே கரண்டியால் ஆறு தட்டிலும் வைத்தேன். "பல்லு இல்லாத எனக்கும் இன்னைக்குக் கறி வந்துச்சு" என்று ஆயா சிரிச்சாங்க. அம்மா எப்பவும் கடைசியாத்தான் சாப்பிடுவாங்க. அன்னைக்கு அவங்க தட்டிலும் எங்க அளவுக்கே கறி இருந்தது.

தோழிகளே, நீங்களும் செஞ்சு பாருங்க. தோழர்களே, நீங்கதான் முதலில் செய்யணும்!



– 9-ஆம் வகுப்பு மாணவி