தீவனத் தட்டில் பரவும் தொண்டை நோய்

பிரிட்டனில் வீட்டுத் தோட்டங்களுக்கு இரை தேடி வரும் கிரீன்ஃபின்ச் என்ற பச்சைநிறச் சிறுபறவையை டிரைக்கோமோனாஸ் கலினே என்னும் ஒட்டுண்ணி பெருமளவில் அழித்திருக்கிறது. ஒற்றைச் செல் உயிரியான இது நெடுங்காலமாகப் புறாக்களின் தொண்டையில் வாழ்ந்துவந்தது. 2005இல் பிரிட்டனின் ஃபின்ச் இனங்களிடம் காணப்பட்டது. மறு ஆண்டே கொள்ளைநோயாயிற்று. 2021இல் கிரீன்ஃபின்ச், பெரிதும் அருகிவரும் பறவைகளுக்கான பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது.

நோய் கண்ட பறவையின் தொண்டை வீங்கிப் புண்ணாகிறது. தானியத்தைக் கொத்தும், விழுங்க முடியாமல் எச்சில் படியக் கக்கிவிடும். இறகைச் சிலிர்த்தபடி, தோட்டத்தில் வைத்த தீவனத் தட்டின் அருகிலேயே சோர்ந்து உட்கார்ந்திருக்கும். அது கக்கியதை அடுத்த பறவை தின்கிறது. பரிவோடு வைத்த தட்டே நோயைக் கைமாற்றிவிடும் கொடுமை இது.

ஈரம் இருக்கும்வரைதான் ஒட்டுண்ணிக்கு உயிர். உலர்ந்தால் விரைவில் மடியும். ஆகவே தட்டையும் நீர்க்கிண்ணத்தையும் வாரம் ஒருமுறையாவது கிருமிநாசினியிட்டுக் கழுவி, அலசி, முழுவதும் காயவிட வேண்டும். தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். ஓரிரு நாளில் தின்று தீரும் அளவு தீவனம் போதும். தட்டையான பரப்பில் மிச்சம் தேங்குவதால், ஆர்எஸ்பிபி என்ற பிரிட்டிஷ் பறவைப் பாதுகாப்பு அமைப்பு 2025இல் தட்டைத் தீவன மேடைகளின் விற்பனையை நிறுத்திவைத்தது.

நோயுற்ற பறவை தென்பட்டால் குறைந்தது இரண்டு வாரம் தீவனம் வைக்கக் கூடாது. பட்டினி கிடக்குமோ என்ற தயக்கம் இயல்பே; ஆனால் கூட்டம் கலைவதுதான் அப்போது பறவைகளைக் காக்கும். இந்த ஒட்டுண்ணி மனிதருக்குத் தொற்றுவதில்லை. இருப்பினும் எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கக்கூடும் என்பதால் கையுறை அணிந்தே தட்டைக் கழுவ வேண்டும்.