காரியதரிசி இல்லாத பேரேடு

நம் சங்கத்தின் பேரேடு ஓரிடத்தில் இருக்கிறது. காரியதரிசி எழுதுகிறார்; தணிக்கையாளர் பார்வையிடுகிறார்; ஐயம் எழுந்தால் பொதுக்கூட்டத்தில் கேட்கிறோம். ஒரே பேரேட்டின் படியை ஆயிரக்கணக்கானோர் தத்தம் இடத்தில் வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் அறியாமலே, எல்லாப் படிகளும் ஒத்திருக்க எழுதிவர இயலுமா? இயலும் என்று காட்டியது பிட்காயின். அதன் விலை ஏறுவதும் இறங்குவதும் ஈண்டு நமக்குப் பொருளன்று. கணக்கெழுதும் முறையையே கவனிப்போம்.

சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபர் 31ஆம் நாள் அதன் திட்டம் வெளியாயிற்று. தீர்க்கவேண்டியிருந்த சிக்கல் இதுதான்: பணம் வெறும் பற்றெழுத்தாக இருந்தால், ஒரே தொகையை நூல் கடைக்கும் சாயக் கடைக்கும் ஒரே வேளையில் ஒருவர் எழுதிக் கொடுத்துவிடலாம். எது முந்தியது என்று யார் சொல்வது?

வாக்கெடுத்துத் தீர்க்கலாமே எனின், நம் முறை அங்கே செல்லாது. ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்பது அங்கத்தினர் பதிவேடு உள்ள இடத்தில்தான் நடக்கும். முகமறியாத வலையில் ஒருவரே பதினாயிரம் பெயர்களில் வந்து நிற்பார். ஆகவே வாக்கை ஆளுக்கு வைக்காமல், கம்ப்யூட்டரின் உழைப்புக்கு வைத்தார்கள்.

வரவு செலவுகளை ஒரு கட்டாகச் சேர்த்து, அதனுடன் ஓர் எண்ணை இணைத்துக் குறிப்பிட்ட கணக்கைச் செய்தால் ஒரு முத்திரை எண் கிடைக்கும். அது ஒரு வரம்புக்குக் கீழே அமையவேண்டும். எந்த எண் அவ்வாறு தரும் என்று முன்கூட்டி அறிய வழியில்லை. கோடி கோடியாக மாற்றிப் பார்க்கவேண்டியதுதான். கண்டுபிடிப்பது கடினம், சரிபார்ப்பதோ நொடிப்பொழுது வேலை. கண்டவருக்குப் புது நாணயம் ஊதியம்: 2009இல் கட்டுக்கு 50, 2024 ஏப்ரலில் அது 3.125 ஆகக் குறைந்தது.

ஒவ்வொரு கட்டிலும் முந்தைய கட்டின் முத்திரை அடங்கியிருக்கிறது. பழைய வரி ஒன்றைத் திருத்த விரும்புவோர் அதற்குப் பின்வந்த கட்டுகள் யாவற்றையும் மீண்டும் உழைத்துச் செய்யவேண்டும். நெய்து முடித்த சேலையின் நடுவே ஓர் ஊடையிழையை மாற்ற முனைபவர் படும் பாட்டை நம்மவர் அறிவர். சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டு அமைகிறது. இரு கட்டுகள் ஒரே வேளையில் தோன்றினால், எத்தொடரில் உழைப்பு மிகுகிறதோ அதுவே நிற்கும். பெருந்தொகை பெறுவோர் ஆறு கட்டுகள் சேரும்வரை காத்திருப்பது இதனால்தான்.

2013 மார்ச்சில், புதிய மென்பொருள் ஏற்ற ஒரு கட்டைப் பழைய மென்பொருள் மறுத்துவிட்டது. பேரேடு சில மணி நேரம் இரண்டாகப் பிரிந்து நின்றது. எழுதுவோர் சிலர் கலந்து பேசி, பெற்ற ஊதியத்தையும் கைவிட்டுப் பழையதற்குத் திரும்பினர். எவரையும் நம்பவேண்டாத ஏற்பாடு என்று புகழப்பட்டதை அன்று காத்தது மனிதர்களின் பேச்சே!

வலையின் உழைப்பில் பாதிக்கு மேல் ஒரு கையில் சேர்ந்தால் கணக்கைப் புரட்டலாம். எத்தீரியம் கிளாசிக் என்னும் சிறிய வலைக்கு 2020 ஆகஸ்டில் அக்கதி நேர்ந்தது. இதற்கு ஆகும் மின்சாரமும் மிகப் பெரிது. எத்தீரியம் 2022 செப்டம்பரில் முறையை மாற்றி, பிணையாகக் கட்டும் தொகைக்கேற்ப வாக்களித்தது. மின்செலவு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் குறைந்தது. ஆனால் தொகைக்கேற்ற வாக்கு கூட்டுறவாளர் வேண்டாமென்று ஒதுக்கிய முறையாயிற்றே.

விளைபொருளையும் நூலையும் இத்தகைய ஏட்டில் பதியலாம் என்று சொல்லி வருவோர் உண்டு. எழுதியதை ஒருவர் பின்னால் அழிக்கமுடியாது என்பது மெய்யே. எடை குறைந்த நூல் சிப்பம் முழு எடையென்று முதலிலேயே எழுதப்பட்டால், எல்லாப் படிகளும் அந்தப் பொய்யையே ஒருமனதாகக் காட்டிக்கொண்டிருக்கும்.