எண்ணெய் வடிப்பில் வெப்ப மீட்பு

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனன்குடாவில், பிரித்தானியர் தம் கடற்படையின் பொருட்டு அமைத்த எண்ணெய்க் குதங்களுள் 99 எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் கொள்ள வல்லது. அவை எண்ணெயைத் தேக்கும் இடங்களேயன்றி வடிக்கும் இடங்களல்ல. மசகு எண்ணெயை வடித்துப் பிரிக்கும் தொழில் 1969ஆம் ஆண்டு முதல் சப்புகஸ்கந்தையில் நடைபெறுகின்றது. ஒரு குதம் நிறைந்த மசகு எண்ணெயை வடிப்பதற்கு எரிபொருள் எவ்வளவு செலவாகும் என வினவுதல் பயனுடைத்து.

மசகு எண்ணெய் உலையிலே சதம அளவையில் 350 பாகையளவிற்குச் சூடாக்கப்பட்டு வடிகோபுரத்துட் செலுத்தப்படும். இலேசான பகுதி ஆவியாய் உச்சியை அடையும். மண்ணெண்ணெயும் டீசலும் இடைத் தட்டுகளில் ஒடுங்கும். கனத்த எச்சம் அடியிலே தங்கும். இவை யாவும் சூட்டோடு வெளிவருதலின், களஞ்சியஞ் சேருமுன் ஆற்றப்படல் வேண்டும். ஒருபுறம் விலைகொடுத்துச் சூடேற்றி, மறுபுறம் அச்சூட்டை நீரிலும் காற்றிலும் தொலைப்பது பேதைமையன்றோ? ஆதலின் வெளியேறும் சூடான பொருள் ஒருபக்கமும் உட்புகும் குளிர்ந்த எண்ணெய் மறுபக்கமுமாகக் குழாய்ச்சுவரின் இருமருங்கும் ஓடவிடப்படும். இரண்டும் கலப்பதில்லை, வெப்பம் மட்டுமே கைமாறும். இவ்வெப்பமாற்றிகள் பலவற்றைக் கடந்து, எண்ணெய் உலையை அடையும்போதே 250 பாகையளவு சூடேறியிருக்கும்.

குதமொன்றின் 10,000 தொன்னையும் உலையே தனித்துச் சூடாக்குமாயின், தோராயமாக 250 தொன் எரிபொருள் வேண்டும். வெப்ப மீட்பு நன்கு அமைந்தால் 100 தொன் போதும். மசகு எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணியின்றி 2021 நவம்பரில் சுத்திகரிப்பு நிலையத்தையே மூடிய நாட்டிற்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

எனினும் வெப்பம் முழுவதையும் மீட்டல் இயலாது. சூடான பொருளிலிருந்து குளிர்ந்ததற்கே வெப்பம் பாயும். உச்சியாவியின் மென்சூடு, முன்னரே 200 பாகை எய்திய எண்ணெய்க்கு உதவாது. ஆகவே மிகச் சூடான எச்சத்தை இறுதிக் கட்டத்திற்கு ஒதுக்கி, தொடக்கத்திற்கு மென்சூட்டைப் பயன்படுத்துவதே முறை. 1973இல் எண்ணெய் விலை ஏறிய பின்னர் லின்ஹொவ் முதலியோர் இதனைக் கணித முறையாக்கினர். சூடும் குளிரும் மிக நெருங்கும் வெப்பநிலை ஓர் இடுக்குப் போன்றது. அதனைக் கடந்து மேலிருந்து கீழே விடப்படும் வெப்பத்திற்கு இருமுறை விலைகொடுக்க நேரிடும்: உலையில் ஒருமுறை, ஆற்றுங்கலத்தில் மறுமுறை.

இவ்வமைப்பிற்குப் பெரும்பகை அழுக்கேயாகும். உப்பும் கீலும் குழாய்ச்சுவரிற் படியப் படிய, உலைக்கு வரும் எண்ணெயின் சூடு சிறிது சிறிதாய்க் குறையும். உலையோ ஓசையின்றி அக்குறையை நிரப்பிவிடும். வடிப்பில் யாதொரு பிழையுந் தோன்றாது, எரிபொருட் கணக்கு மட்டும் ஏறும். எந்த மாற்றியை எப்போது நிறுத்திக் கழுவுவது என்பதே பொறியியலார்க்கு அரிதான தீர்மானம். ஏனெனில் கழுவும் நாள்களிலும் அதன் பங்கை உலையே சுமத்தல் வேண்டும்.