ராமபுரா முதல் ராஜீவ் நகர் வரை

1970 ஏப்ரல் 24. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஓர் ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். அங்கே ஓர் அறையில் மைசூர்க்காரர் ஒருவரின் குறிப்புகள் இருந்தன. ஒரே ஒரு கிராமத்தைப் பற்றி வருடக்கணக்காக எழுதி, பிரித்து, அடுக்கி வைத்த குறிப்புகள். கைதவறிப் போய்விடக் கூடாதே என்று மூன்று படிகள் எடுத்திருந்தார். மூன்றும் அன்று அதே அறையில் இருந்தன. மூன்றும் போயின.

அவர் எம்.என். சீனிவாஸ். 1948இல் மைசூரை அடுத்த ஒரு சிற்றூரில் பதினொரு மாதம் தங்கி, யார் யாரிடம் கடன் வாங்குகிறார்கள், எந்தச் சாதிக்காரர் எந்தத் திண்ணையில் உட்காரலாம், பஞ்சாயத்தில் யார் சொல் எடுபடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கவனித்தவர். ஊர்த் தலைவர் தன் உழவு மாடுகளைக் கட்டிவைத்திருந்த வீட்டில் அவருக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். நாம் இன்று நாள்தோறும் வாயில் போட்டு மெல்லும் ‘ஓட்டு வங்கி’ என்ற சொல்லை முதலில் எழுத்தில் கொண்டுவந்தவர் அவர்தான் என்பார்கள். அந்த ஊரைப் பற்றி 1955இல் எழுதிய கட்டுரையில் அது வருகிறது.

குறிப்புகள் எரிந்த பிறகு அவர் எழுதாமலே போயிருக்கலாம். சக மானுடவியலாளரான சோல் டாக்ஸ், ‘நினைவில் இருப்பதை வைத்தே எழுதுங்கள்’ என்று தூண்டினார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1976இல், ‘தி ரிமெம்பர்டு வில்லேஜ்’ வெளிவந்தது. ஊருக்கு அவர் வைத்த பெயர் ராமபுரா. அது புனைபெயர். உண்மையை மட்டுமே பேசும் ஒரு நூலில் ஊரின் பெயர் கற்பனை. அங்கே வாழ்ந்த மனிதர்களுக்குத் தொந்தரவு வரக் கூடாது என்கிற மரியாதை அது.

இந்த நவம்பரில் என் மேசையில் முதலில் இருக்கப்போவது இந்தப் புத்தகம்தான்.

நவம்பர் மாதம் முழுக்கக் கதை, நாவல்களைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு வரலாறு, அறிவியல், பயணம், தன்வரலாறு, கட்டுரை என்று மட்டும் வாசிப்பதை உலகின் பல ஊர்களில் வாசகர்கள் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரு சவாலாக எடுத்துச் செய்கிறார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. வாரத்துக்கு ஒரு புத்தகம், வாசித்ததைப் பற்றி நாலு பேரிடம் பேச்சு. நம் நாட்டில் இந்த மாதத்துக்கு வேறு பொருத்தமும் உண்டு. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். மைசூருக்கு இன்னும் ஒன்று கூடுதல்: சீனிவாஸ் பிறந்தது 1916 நவம்பர் 16, இதே ஊரில். மறைந்தது 1999 நவம்பர் 30.

தமிழில் இவ்வகை நூல்களை ‘அபுனைவு’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டோம். எனக்கு அந்தச் சொல் மேல் ஒரு மனக்குறை உண்டு. ஒன்று இன்னது இல்லை என்று சொல்லி அதற்குப் பெயர் வைத்தால், அது இரண்டாம் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாகித்திய அகாதெமி 1955இல் தமிழுக்கு முதன்முதலாகக் கொடுத்த விருதே ஒரு கட்டுரை நூலுக்குத்தான்: ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழின்பம்’. 2024இல் ஆ.இரா. வேங்கடாசலபதி விருது பெற்றதும் வரலாற்று நூலுக்கு: ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. இருந்தும் ‘என்ன படிக்கிறீர்கள்?’ என்று கேட்டால் நாவலின் பெயரைச் சொல்லத்தான் நமக்கு வாய் வருகிறது.

மைசூரில் உட்கார்ந்து இந்தச் சவாலை எடுப்பவர்களுக்கு ஒரு வசதி. வாசிக்கும் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அது பிறந்த இடத்துக்கே நடந்து போகலாம்.

விக்டோரியா ராணியின் 1887 பொன்விழா நினைவாகக் கட்டிய மண்டபத்தில் இருக்கிறது கீழ்த்திசை ஆய்வு நிறுவனம். 1891இல் நூலகமாகத் தொடங்கியது. நூலகராக இருந்த ருத்ரபட்டண சாமசாஸ்திரியிடம் 1905 வாக்கில் ஓர் ஓலைச்சுவடிக் கட்டு வந்து சேர்ந்தது. கொண்டுவந்து கொடுத்தவர் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர். எழுத்து கிரந்தம், மொழி சமஸ்கிருதம். பல நூற்றாண்டுகளாகப் பெயரை மட்டும் கேள்விப்பட்டு, முழு நூலைக் கண்ணால் பார்க்காமல் இருந்த கௌடில்யரின் ‘அர்த்தசாஸ்திரம்’ அது. 1909இல் சாமசாஸ்திரி மூலத்தை அச்சிட்டார், 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பை நூலாக்கினார். வரி, உளவு, எடைக்கல், யானைக் காடு, சம்பளம் என்று ஓர் அரசை நடத்தத் தேவையான அத்தனையும் அடங்கிய நூல். தஞ்சாவூர்ப் பக்கத்து வீடு ஒன்றில் யாரோ படியெடுத்து, யாரோ பரணில் வைத்து, யாரோ கரையானுக்குக் கொடுக்காமல் காத்த கட்டு அது. அந்தப் பண்டிதரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. இந்தக் கதையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல்தான் மனம் போகிறது.

ஓலை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் காவலின் அருமை புரியும். எழுத்தாணியால் கீறிய எழுத்து முதலில் கண்ணுக்கே தெரியாது. மேலே கரியைத் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை தங்கி எழுத்து எழும்பும். பூச்சி அரிக்காமலும் ஓலை முறியாமலும் இருக்கப் புல் தைலம் பூசுவார்கள். ஒரு நூல் முன்னூறு ஆண்டு வாழ வேண்டுமென்றால் முன்னூறு ஆண்டும் யாராவது ஒருவர் அதற்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இதே ஊரில்தான் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களிலிருந்து எடுத்த ஆயிரக்கணக்கான மைப்படிகள் பல பத்தாண்டுகளாக இங்கே கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மைப்படி எடுப்பது பொறுமையான வேலை. கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எழுத்துப் பள்ளத்தில் தாள் இறங்கிய பிறகு மைப்பொதியால் ஒற்றினால், கறுப்புப் பரப்பில் எழுத்து வெள்ளையாக நிற்கும். இப்படி ஊர் ஊராகச் சேர்த்துத்தான் பி.எல். ரைஸ் மைசூர் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டார். சோழர் ஆட்சியில் ராஜராஜபுரமாக இருந்த தலைக்காட்டின் தமிழ்க் கல்வெட்டுகளும் அதில் உண்டு. மைசூரில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் காட்ட விரும்பும் பக்கங்கள் அவை.

நவம்பர் வாசகர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. ஒரு நாவலையும், அதே வாழ்க்கையைப் பேசும் ஓர் உண்மை நூலையும் ஜோடி சேர்த்து வாசிப்பார்கள். இதற்கு ஆர்.கே. நாராயணை விட்டால் மைசூரில் வேறு யார்? 1939இல் அவர் மனைவி ராஜம் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தார். கைக்குழந்தைப் பருவம் தாண்டிய ஒரு பெண் குழந்தை வீட்டில் இருந்தது. 1945இல் வந்த ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ நாவலில் கல்லூரி ஆசிரியன் கிருஷ்ணனின் மனைவி அதே காய்ச்சலில் போகிறாள். ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து எழுதிய தன்வரலாறான ‘மை டேஸ்’ நூலில், அந்த நாவலில் கற்பனை மிகக் குறைவு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். நாவலில் துக்கத்துக்கு ஒரு வடிவம் கிடைத்திருக்கிறது. தன்வரலாற்றிலோ அந்த இடத்தை அவர் வேகமாகக் கடக்கிறார். இத்தனை ஆண்டு ஆன பிறகும் அங்கே நிற்க அவரால் முடியவில்லை. எனக்கு அந்த வேகம்தான் கண்ணீரை வரவழைத்தது.

யாதவகிரியில் அவர் கட்டிய வீடு 2016 முதல் அருங்காட்சியகம். மாடியில் எட்டு ஜன்னல் வைத்த எழுத்தறை. சாமுண்டி மலை தெரியும்படி அமைத்ததாக ‘மை டேஸ்’ சொல்கிறது. அந்த அறையில் நின்று அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற பாக்கியம் எத்தனை ஊர் வாசகர்களுக்குக் கிடைக்கும்?

அடுத்து ஏ.கே. ராமானுஜன். 1929இல் மைசூரில் பிறந்தவர். குறுந்தொகைப் பாடல்களை ஆங்கில உலகுக்குக் கொண்டுபோனவர். அவர் வீட்டில் மாடியில் அப்பாவின் ஆங்கிலம், கீழே சமையலறையில் அம்மாவின் தமிழ், வாசல் தாண்டினால் கன்னடம். மைசூர்த் தமிழர் வீடுகளில் இன்றும் இதுதான் நடப்பு. அப்பா கணிதப் பேராசிரியர். வானவியலும் தெரியும், ஜாதகமும் பார்ப்பார். இது எப்படி ஒரே தலைக்குள் அடங்குகிறது என்று குழம்பிய மகன், அந்தக் குழப்பத்தையே இந்தியச் சிந்தனை முறை பற்றிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையாக வளர்த்தார். ஒரே மாலையில் வாசித்து முடிக்கலாம். வாரத்துக்கு ஒரு முழுப் புத்தகம் முடியாதவர்கள் இதில் தொடங்குங்கள்.

கன்னடம் வாசிக்கத் தெரிந்தவர்கள் பி.ஜி.எல். சுவாமியின் ‘ஹசுரு ஹொன்னு’வை விடக் கூடாது. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். மாணவர்களை அழைத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் செடி தேடி அலைந்ததைச் சிரிக்கச் சிரிக்க எழுதினார், படங்களையும் தானே வரைந்தார். 1978இல் சாகித்திய அகாதெமி விருது. செடிகொடி பற்றிய ஒரு நூலுக்கு இலக்கிய விருது!

தனியாக வாசித்தால் போதாதா, எதற்குக் கூட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நாவலைக் கூடி வாசித்தால் பிடித்தது, பிடிக்கவில்லை என்று பேசுவோம். உண்மை நூலைக் கூடி வாசித்தால் வேறொன்று நடக்கிறது. வாசகர் சாட்சியாகிவிடுகிறார். சீனிவாஸ் எழுதிய அறுவடைக் கணக்கை ஒருவர் வாசிக்க, மண்டியாப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர் ஒருவர், ‘எங்கள் தாத்தா காலத்தில் கூலி இப்படி அளக்கவில்லை’ என்று சொல்லக்கூடும். ஊர்த் தலைவர் தந்த வீட்டில் தங்கியவர் சேரிப் பக்கம் எவ்வளவு போனார் என்று இன்னொருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மேல்தட்டின் பார்வையே தன் நூலில் கூடுதலாகப் படிந்திருக்கிறது என்பதை சீனிவாஸே மறைக்காமல் எழுதியிருக்கிறார். இப்படி ஒரு பேச்சு நடந்தால் நூல் அங்கேயே திருத்தமும் பின்னிணைப்பும் பெற்றுவிடுகிறது.

அதற்கு இடம் வேண்டும். பெங்களூரு கப்பன் பூங்காவில் சனிக்கிழமைதோறும் பாய் விரித்து மௌனமாக வாசிக்கிறவர்களைப் பார்த்து எத்தனையோ ஊர்களில் பூங்கா வாசிப்பு தொடங்கிவிட்டது. மைசூருக்கு அருகே, பாண்டவபுரத்தை ஒட்டிய ஹரளஹள்ளியில், ஒரு காலத்தில் பஸ் கண்டக்டராக இருந்த அங்கேகௌடா சுமார் இருபது லட்சம் புத்தகங்களைச் சேர்த்து எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறார். 2026இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அடுக்கில் இடம் போதாமல் தரையிலும் புத்தகக் குவியல். தேடுவதற்கு ஒரு பகல் வேண்டும். நவம்பரின் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுக்கலாம்.

மைசூர் ராஜீவ் நகரில் சையத் இசாக் நடத்திய நூலகம் இதைவிட மிகச் சிறியது. கூலி வேலை செய்பவர். பள்ளிப் படிப்பு வாய்க்காதவர். தனக்குக் கிடைக்காதது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று 2011இல் ஒரு கொட்டகையில் தொடங்கினார். கன்னடம், ஆங்கிலம், உருது, தமிழ் நாளிதழ்களைத் தன் கைக்காசில் வாங்கிப் போட்டார். 2021 ஏப்ரல் 9ஆம் தேதி விடிகாலையில் கொட்டகை எரிந்தது. பதினோராயிரம் புத்தகங்கள். அவற்றில் ஆயிரக்கணக்கில் பகவத் கீதைப் பிரதிகள் இருந்தன, குர்ஆனும் பைபிளும் இருந்தன. மறுபடியும் நடத்துவேன் என்றார் இசாக். நாடு முழுவதிலுமிருந்து பணமும் புத்தகமும் குவிந்தன.

ஐம்பத்தொரு ஆண்டு இடைவெளியில் இரண்டு ஏப்ரல், இரண்டு தீ. ஒன்று ஸ்டான்ஃபோர்டில் ஒரு மைசூர்ப் பேராசிரியரின் அறையில், இன்னொன்று மைசூரிலேயே ஒரு தொழிலாளியின் கொட்டகையில். ஒருவர் நினைவிலிருந்து எழுதினார். மற்றவர் பள்ளிப் படிப்பு வாய்க்காமலே வாசிப்பவர்களுக்காக மறுபடி நிமிர்ந்தார்.

நவம்பர் 16 அன்று மாலை ராஜீவ் நகர் மாதிரி ஒரு தெருவில், ‘தி ரிமெம்பர்டு வில்லேஜ்’ முதல் அத்தியாயத்தை யாராவது உரக்க வாசித்து, தமிழிலும் கன்னடத்திலும் உருதிலும் சொல்லிக் கொடுத்தால் போதும். இருபது நாற்காலி, ஒரு பானைத் தண்ணீர். கேட்க வருகிறவர்களில் ஒருவராவது மைசூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வேலை தேடி வந்த முதியவராக இருப்பார். வாசிப்பை நடுவில் நிறுத்தி, ‘உங்கள் ஊரில் எப்படி?’ என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை ஒருவர் எழுதி வைக்கட்டும்.